பழைய மோட்டார் வண்டிக்கு ஏற்ற எண்ணெய்

பொருளைத் தேடுதல் ஒரு திறமை. தேடிய பொருளைப் பேணுதல் மற்றொரு திறமை. முன்னதில் நம்மவர் காட்டும் ஊக்கத்தைப் பின்னதில் காட்டுவதில்லை என்பது எமது நெடுநாளைய எண்ணம். இதற்கு எடுத்துக்காட்டுகள் பல உளவேனும், யாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒன்றே. பழைய மோட்டார் வண்டியின் இஞ்சினுக்கு எத்தகைய எண்ணெய் வார்த்தல் தகும் என்பதே அது. கல்லூரிச் சஞ்சிகையில் எண்ணெய்ப் பேச்சு எற்றுக்கு என்று சிலர் நகைக்கக்கூடும். பௌதிக வகுப்பிலே திரவங்களின் பாகுத்தன்மையைப் பற்றிப் படித்து, கண்ணாடிக் குழலில் குண்டு இறங்கும் நேரத்தை அளந்து, பரீட்சையிலும் தேறிய இளைஞரே, தம் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டிக்கு எண்ணெய் வாங்கப் போனால் கடைக்காரர் எடுத்து வைத்த டப்பாவை வாய்பேசாது வாங்கி வருகின்றனர். கற்ற கல்வி வாழ்க்கைக்குப் பயன்படவில்லையே என்று அங்கலாய்ப்பவர் பலர். பயன்படும் இடம் எதிர்ப்படும்போது அதனைப் பயன்படுத்துவோர் சிலரே. ஆதலின் இவ்விஷயம் இவ்வேட்டிற்கு உரியதே என்று துணிகின்றோம்.

பழைய வண்டி என்று யாம் கூறுவது காட்சிசாலையில் துணி போர்த்தி வைத்த வண்டியை அன்று. தெருவில் ஓடும் வண்டியையே. 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவிலே செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயிலே செய்யப்பட்ட பியட் 1100-ம் அதன் வழித்தோன்றலான பத்மினியும், நம் சென்னைக்கு அண்மையில் 1960-களில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய வண்டிகள் இன்றும் சில வீடுகளில் உயிரோடிருக்கின்றன. தந்தையார் வைத்துச் சென்றது என்ற பற்றினால் சிலர் அவற்றை விடாமல் வைத்திருக்கின்றனர். வேறு வண்டி வாங்கும் வசதியின்மையால் அவற்றையே நம்பியிருப்பாரும் உண்டு. இவ்விருதிறத்தார்க்கும் இஞ்சின் கெடுதல் பெருநஷ்டம். அதனைப் பிரித்துப் புதுக்குதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் மாற்றும் செலவு அற்பமே. உதிரி உறுப்புகள் அருகி வருதலானும், அவ்விஞ்சின்களைத் தொட்டுப் பழகிய கைகள் குறைந்து வருதலானும், இன்று கெட்டது நாளை சீராகும் என்று நம்பியிருத்தற்கும் இல்லை.

இவ்விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சிகள் வழங்குகின்றன. “வண்டி கிழடாகிவிட்டது; கிழட்டு இஞ்சினுக்குக் கெட்டியான எண்ணெயே உறுதி; எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நலம்” என்பது ஒன்று. “புதிய வண்டிகளுக்கு வார்க்கும் நீர்த்த எண்ணெயே விஞ்ஞானத்தின் முடிவு, விலையும் மிகுதி, ஆதலால் பழைய வண்டிக்கும் அதுவே சிறந்தது” என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் பட்டறைகளில் பிறப்பது. இரண்டாவது விளம்பரங்களில் பிறப்பது. இரண்டும் தவறு என்பது எமது அபிப்பிராயம். இஞ்சினை வகுத்தவர் எத்தகைய எண்ணெயை எண்ணி அதனை வகுத்தாரோ, அது ஓடும் ஊரின் உஷ்ணம் எத்தகையதோ, இன்று அவ்விஞ்சினின் நிலை யாதோ, இம்மூன்றையும் சீர்தூக்கியே எண்ணெயைத் தெரிதல் வேண்டும். வண்டியின் வயது மட்டும் ஒரு காரணமாகாது. எண்ணெயின் விலையும் அங்ஙனமே.

முதற்கண் டப்பாவின்மேல் எழுதப்பட்ட எண்களின் பொருளை அறிதல் வேண்டும். ஆங்கிலம் பேசுவோர் இதனை எண்ணெயின் ‘எடை’ என்றே வழங்குகின்றனர். ஆயினும் இது நிறுத்துக் காணும் எடையன்று. ஒரு படி தண்ணீர் ஒரு படி விளக்கெண்ணெயினும் கனமானது. எனினும் தண்ணீர் ஓடுவதுபோல் விளக்கெண்ணெய் ஓடுவதில்லை. ஓட்டத்தைத் தடுக்கும் அவ்வியல்பே பாகுத்தன்மை எனப்படும். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாரின் சங்கம் 1911-ஆம் ஆண்டில் இப்பாகுத்தன்மையைக் கொண்டு எண்ணெய்களை வகுக்கத் தொடங்கியது. பலமுறை திருத்தப்பட்ட அவ்வகுப்பே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. டப்பாவின்மேல் ‘எஸ்.ஏ.ஈ.’ என்று காண்பது அச்சங்கத்தின் பெயர்ச் சுருக்கமாம்.

அவ்வகுப்பின்படி, 100 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்கு உட்பட்டிருந்தால் அவ்வெண்ணெய் 30 என்னும் தரத்தது; 12.5 முதல் 16.3 வரை 40-ஆம் தரம், 16.3 முதல் 21.9 வரை 50-ஆம் தரம். ஆகவே 50 என்பது ஓர் அளவன்று, ஒரு வகுப்பின் பெயரே என்பது விளங்கும். ஒரு வியாபாரியின் 40, மற்றொருவரின் 50-ஐ நெருங்கி நிற்றலும் கூடும். 50 என்பது 40-இனும் சிறந்தது என்று எண்ணுதல், பத்தாம் எண் செருப்பு எட்டாம் எண் செருப்பினும் சிறந்தது என்று எண்ணுதலை ஒக்கும்.

இனி, ‘20டபிள்யூ-50’ என்று இரட்டை எண்கள் காணப்படுவதேன்? எந்த எண்ணெயும் குளிரில் இறுகும், வெப்பத்தில் நெகிழும். மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் குப்பியிலேயே உறைந்து நிற்பதை அறியாதார் இல்லை. மோட்டார் எண்ணெய் அங்ஙனம் எளிதில் உறைந்துவிடுவதில்லையாயினும், இறுகுதல் உண்டு. 20டபிள்யூ-50 எண்ணெய் 40 டிகிரியில் ஏறத்தாழ 150 சென்டிஸ்டோக்குப் பாகுத்தன்மை உடையது. 100 டிகிரியில் அது 18 அளவுக்கு இறங்கிவிடுகின்றது. அதாவது எட்டில் ஒரு பங்காகின்றது. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன் நிற்கும் எண், குளிரில் அவ்வெண்ணெய் இஞ்சினை எவ்வளவு எளிதாகச் சுழலவிடும் என்பதைக் காட்டுவது. 20டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பது உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில். 10டபிள்யூவை 25 டிகிரியில். 5டபிள்யூவை 30 டிகிரியில். 0டபிள்யூவை 35 டிகிரியில். பின் நிற்கும் எண்ணே, சூடேறிய இஞ்சினில் அவ்வெண்ணெயின் தரம்.

இவ்விரு குணங்களையும் ஒரே எண்ணெயில் பொருத்துதற்கு அதனுள் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை உடைய ‘பாலிமர்’ என்னும் பொருளைக் கலக்கின்றனர். வெப்பம் ஏற ஏற அச்சங்கிலிகள் விரிந்து, எண்ணெய் அளவுக்கு மீறி நீர்த்துப்போகாமல் தாங்குகின்றன. ஆயினும் நாள் செல்லச் செல்ல, பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கி அச்சங்கிலிகள் அறுபடும். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் சிறிய வண்டியில் இஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே எண்ணெயில் தோய்ந்திருந்தமையால், கியர்ப் பற்களிடையே எண்ணெய் விரைவில் நைந்தது. 20டபிள்யூ-50 என்னும் தரம் அந்நாட்டில் பெருவழக்கானமைக்கு இத்தகைய தேவை ஒரு காரணமாம். எனவே புதிதாய் வார்க்கும்போது 50-ஆக இருந்த எண்ணெய், பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் 40-ஆக இறங்கி நிற்றல் வியப்பன்று.

எண்ணெய் இஞ்சினுள்ளே செய்யும் தொழிலை இனிக் காண்போம். கிராங்க்ஷாப்ட் பேரிங்கின்மேல் நேரே உராய்ந்து சுழல்வதாக நினைத்தல் பிழை. இரண்டிற்கும் நடுவே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கின்றது. சுழலும் தண்டு அதன்மேல் மிதக்கின்றது. படலம் அறுந்தால் உலோகத்தை உலோகம் தின்னும். படலத்தைத் தாங்குவது பாகுத்தன்மையே. ஆதலின் எண்ணெய் மிக நீர்த்திருத்தல் ஆகாது என்பது தெளிவு. அதனாலேயே கெட்டியாகுந்தோறும் நன்மை பெருகும் என்று முடிவு செய்தல்தான் தவறு. படலமாய் நிற்பதோடு, உராய்வினால் பிறக்கும் உஷ்ணத்தைச் சுமந்து செல்வதும் எண்ணெயின் கடமை. கெட்டியான எண்ணெய் பேரிங்கினுள் மெல்லச் செல்லும். மெல்லச் செல்வது குறைந்த உஷ்ணத்தையே கொண்டு போகும். தன்னுள் தானே உராய்ந்து புதிய உஷ்ணத்தையும் உண்டாக்கும்.

அழுத்தமானி உள்ள வண்டிகளில், கெட்டி எண்ணெய் வார்த்தவுடன் முள் உயர்ந்து நிற்பதைக் கண்டு மகிழ்வார் பலர். அம்மகிழ்ச்சி ஆராய்தற்குரியது. அழுத்தம் என்பது எண்ணெய்க்கு எதிர்ப்படும் தடையின் அளவு. ஓடிச் சேர்ந்த எண்ணெயின் அளவன்று. இடுங்கிய சந்தில் கூட்டம் நெருக்குவதைக் கண்டு, அதிகம் பேர் கோயிலை அடைந்துவிட்டனர் என்று எண்ணுதல் பொருந்துமோ? எண்ணெய்ப் பம்பின் அருகே ஒரு வால்வு உண்டு. அழுத்தம் ஒரு வரம்பை மீறினால் அது திறந்து, மிகுந்த எண்ணெயைப் பேரிங்குகளுக்குச் செல்லவிடாது எண்ணெய்த் தொட்டிக்கே திருப்பிவிடும். விடியற்காலையில் கெட்டி எண்ணெயோடு இஞ்சினை இயக்குங்கால், முள் உச்சியில் நிற்கும். எண்ணெயின் ஒரு பகுதியோ தொட்டிக்கே மீண்டுகொண்டிருக்கும். பில்டரிலும் அங்ஙனமே ஒரு வால்வு உண்டு. இறுகிய எண்ணெய் வடிதாளின் ஊடே செல்ல இயலாதபோது அது திறந்து, வடிகட்டாத எண்ணெயை உள்ளே விடும். வால்வுகளின் மேற்புறத்து ஆடுகைகளுக்கும் கேம்ஷாப்டுக்கும் எண்ணெய் சென்று சேர்வதும் தாமதமாகும். இஞ்சினின் தேய்மானத்தில் பெரும்பகுதி அது இயங்கத் தொடங்கும் அச்சிறு பொழுதிலேயே நிகழ்வதால், இத்தாமதம் சிறு குற்றமன்று.

மறுகட்சியாரின் நீர்த்த எண்ணெயை அடுத்து ஆராய்வோம். இன்றைய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்னும் எண்ணெய்களை விதிக்கின்றனர். 2013-ஆம் ஆண்டு வரை 20-க்குக் கீழே வெப்பத் தரமே இல்லை. அவ்வாண்டில் 16 என்பதும், 2015-இல் 12, 8 என்பனவும் சேர்க்கப்பட்டன. இவை எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கத்தால் வந்தவை. அந்நோக்கம் நல்லதே, அவ்விஞ்சின்களும் பம்பு முதல் பேரிங் வரை அவ்வெண்ணெய்க்கெனவே வகுக்கப்பட்டவை. அம்பாசடரின் 1489 சி.சி. இஞ்சினோ, இங்கிலாந்தில் 1950-களில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு போன்ற வண்டிகளுக்கு வகுக்கப்பட்டது. அதன் கிராங்க்ஷாப்டைத் தாங்குவன மூன்று முதன்மைப் பேரிங்குகளே. கேம்ஷாப்டின் முட்டுகள் தட்டையான டாப்பெட்டுகளின்மேல் வழுக்கி உராய்வன. இக்காலத்து இஞ்சின்கள் பலவற்றில் உள்ள உருளைகள் அங்கு இல்லை. அத்தட்டையான முகங்களின்மேல் விழும் பாரம் மிகப் பெரிது.

அப்பாரத்திற்குக் காவலாகத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் அடங்கிய ஒரு கூட்டுப்பொருளை நெடுங்காலமாக எண்ணெயில் கலந்து வருகின்றனர். படலம் அறும் இடத்தில் அது உலோகத்தின்மேல் ஒரு காப்பை உண்டாக்குகின்றது. புகைக்குழாயில் நச்சுவாயுக்களை மாற்றும் கருவி பொருத்தப்பட்ட வண்டிகளில், அந்தப் பாஸ்பரஸ் அக்கருவியைக் கெடுப்பதாகக் கண்டனர். எனவே 2004-இல் வந்த ‘ஏ.பி.ஐ. எஸ்.எம்.’ என்னும் விதியின் கீழ், 30-ம் அதற்குக் குறைந்ததுமான பெருவழக்குத் தரங்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்திற்கு மேற்படலாகாது என வரையறுத்தனர். அவ்வுச்சவரம்பு 40, 50 தரங்களுக்கு விதிக்கப்படவில்லை. இவ்வொரு செய்தியே தட்டை டாப்பெட்டு வண்டியுடையார்க்குப் போதும். விலையுயர்ந்த 5டபிள்யூ-30 எண்ணெய் அவ்வண்டிக்கு இரு வகையில் குறைவுடையது: படலமும் மெல்லிது, காப்புப்பொருளும் குறைவு. மேலும், அவ்விஞ்சினின் பின்புறத்தில் ரப்பர் அடைப்பு இல்லை. எண்ணெயை உள்ளே திருப்பும் திருகுவரையே உண்டு. நீர்த்த எண்ணெய் அவ்வழியே எளிதில் கசியும். ‘சிந்தெடிக்’ என்னும் செயற்கை எண்ணெயை யாம் பழிக்கவில்லை. அதிலும் 15டபிள்யூ-50 முதலிய தரங்கள் உண்டு; விரும்புவோர் தரமறிந்து வாங்கலாம்.

நாடும் காலமும் அடுத்துக் கருதத்தக்கன. சென்னை, மதுரை, திருநெல்வேலி முதலிய சமவெளியூர்களில் குளிர்காலத்து விடியலிலும் உஷ்ணம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குதல் அரிது. சித்திரை வைகாசியில் 40-ஐத் தொடுதல் அரிதன்று. உறைநிலைக்குக் கீழே 35 டிகிரியில் சோதித்த எண்ணெயினால் இவ்வூரார்க்கு வரும் பயன் யாதோ அறியோம். 20டபிள்யூ என்பதே நமக்கு வேண்டுமளவு போதும். உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோர் நிலை சற்றே வேறு. அங்குச் சில இரவுகளில் உறைபனி விழும். 20டபிள்யூ எண்ணெய் அங்கும் இஞ்சினைச் சுழலவிடுமாயினும், 15டபிள்யூ விரைந்து மேலேறும். ஆதலால் அவர்கள் 15டபிள்யூ-40 கொள்ளுதல் நன்று. நம் நாட்டில் லாரிகளுக்கென எங்கும் விற்கப்படும் இத்தர எண்ணெயில் தேய்மானக் காப்புப்பொருளும் போதிய அளவு உண்டு.

சமவெளியில் எதனைக் கொள்வது? புதுக்கப்பட்டோ நன்கு பேணப்பட்டோ இருக்கும் இஞ்சினுக்கு 20டபிள்யூ-40 போதும் என்பது எமது கருத்து. பலரும் இதனை 50-இனும் பலவீனமானது என்று தள்ளுகின்றனர். பேரிங்கினுள் நிகழும் நசுக்கத்தைப் போன்ற நிலையில், 150 டிகிரியில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அதில் 20டபிள்யூ-40-க்கும் 20டபிள்யூ-50-க்கும் விதித்த குறைந்தபட்ச அளவு ஒன்றே, 3.7 மில்லிபாஸ்கல்-வினாடி. 20-ஆம் தரத்திற்கு அது 2.6 மட்டுமே. வெயிற்காலத்தில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கும், பல ஆண்டு உழைத்துச் சற்றே தளர்ந்த இஞ்சினுக்கும் 20டபிள்யூ-50 ஏற்றது. அதற்கு மேற்பட்ட கெட்டி எண்ணெய் வேண்டுவதில்லை. 50 என்பது நமக்கு மேலெல்லை, தொடங்குமிடம் அன்று.

“வகுத்தவர் சொல்லை முதலில் நோக்குக என்றீர், இங்கிலாந்தில் அவ்விஞ்சினுக்கு முதலில் விதித்தது ஒற்றைத் தரமான 30 அன்றோ?” என்று குறிப்புநூலைப் புரட்டிய அன்பர் வினவலாம். உண்மையே. இரட்டைத் தர எண்ணெய் அருகிய காலத்தில், குளிர்நாட்டில், அந்த 30 தகுதியாயிருந்தது. அவ்விஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகளுக்கே 1970-களில் வந்த நூல்கள் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்பனவற்றை ஒப்புக்கொண்டன. ஆகையால் குறிப்புநூலைப் படிப்பதென்பது, அதிலுள்ள ஓர் எண்ணை நெட்டுருச் செய்வதன்று; எந்த உஷ்ணத்திற்கு எந்த எண்ணெய் என்று அதிலுள்ள அட்டவணையை நம் ஊரோடு பொருத்திப் பார்ப்பதாம். பெயர் ஒன்றாயினும் இஞ்சின் வேறாதலும் உண்டு. 1990-களில் அம்பாசடரில் வைக்கப்பட்ட 1.8 லிட்டர் இசுசு இஞ்சினுக்கு மேற்கூறியவை முற்றும் பொருந்தா. அதனுடையார் அதற்குரிய நூலையே நோக்குக.

இப்பொழுது தேய்ந்த இஞ்சினைப் பற்றி. இங்கேதான் எண்ணெய்த் தேர்வு அறத்தோடு தொடர்புறுகின்றது. நீலப்புகை கண்டதும் கெட்டி எண்ணெய் வார்ப்பது, காய்ச்சல் கண்டவனுக்குக் கம்பளி போர்த்துவதேயன்றி மருந்தாகாது. புகை எப்பொழுது வருகின்றது என்று பார்த்தல் வேண்டும். நெடுநேரம் நின்று கிளப்பும்போதும், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் மட்டும் வந்தால், பெரும்பாலும் வால்வு கைடுகளின் வழியே எண்ணெய் இறங்குகின்றது. ஏற்றத்தில் பாரமேற்றி ஏறும்போது இடைவிடாது வந்தால், பிஸ்டன் ரிங்குகளின் தேய்வாதல் கூடும். கரும்புகையாயின் எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுக்கத்தையும் அளந்து, பின் அதனுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அழுக்கம் உயர்வது ரிங்கின் குறை. உயராதது பெரும்பாலும் வால்வின் குறை. இச்சோதனைக்கு ஒரு மணி நேரம் போதும். செய்யாதவர் ஆண்டுக்கணக்கில் கெட்டி எண்ணெயை மாற்றி மாற்றி வார்ப்பர்.

பழுதை அறிந்து, அதனைச் சீர் செய்யப் பணம் சேரும் வரையில், சூடேறிய பின் அழுத்தம் மிகத் தாழும் இஞ்சினுக்கு ஒரு படி கெட்டியான எண்ணெய் வார்த்தல் குற்றமன்று. அது கடன் வாங்குதல் போன்றது. கடன் என்று அறிந்து வாங்குவோர்க்குக் கேடில்லை. பழுதை மறைத்தற்கென வார்ப்பதோ வஞ்சனை. பழைய வண்டியை விற்கும் முன் கெட்டிப்படுத்தும் மருந்துகளை எண்ணெயில் கலந்து, பேரிங்கின் ஓசையையும் புகையையும் சில நாள் அடக்கி வைத்து விற்போர் உளர். கடன்பட்டு அவ்வண்டியை வாங்கிப் பிழைக்க நினைக்கும் எளியவன், மாதம் ஒன்று கழிவதற்குள் இஞ்சினையும் இழப்பான், தொழிலையும் இழப்பான். பழைய வண்டி வாங்குவோர் குளிர்ந்த இஞ்சினைத் தம் கண் முன் கிளப்பச் செய்து, புகையையும் ஓசையையும் நோக்கி, பின் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேறிய நிலையில் மீண்டும் நோக்குதல் வேண்டும். அளவுக்கம்பியை உருவி, ஒழுகும் எண்ணெய் தேன்போல் இழுபடுகின்றதா என்றும் காண்க.

“எங்கள் ஊர் வாடகை வண்டிக்காரர் கெட்டி எண்ணெயே வார்த்துப் பல லட்சம் கிலோமீட்டர் ஓட்டினாரே” என்று சிலர் ஆட்சேபிப்பர். அனுபவத்தை யாம் இகழவில்லை. வாடகை வண்டி காலை முதல் இரவு வரை ஓடுவது. ஒரு நாளில் அதன் இஞ்சின் முற்றும் குளிர்வது ஒருமுறையே. சூடேறிய எண்ணெய் ஓடிக்கொண்டேயிருப்பதால் கெட்டியின் தீமை அதனை மிகுதியும் தாக்குவதில்லை. வாரம் இருமுறை கடைக்கும் கோயிலுக்கும் சென்று மீளும் வீட்டு வண்டியோ, ஒவ்வொரு முறையும் குளிரிலிருந்து தொடங்குகின்றது. எண்ணெய் நன்கு சூடேறுமுன் வீடு வந்துவிடுகின்றது. ஆகவே அவருக்கு நன்மை தந்த பழக்கம் நமக்குத் தீமை தருதல் கூடும். அவரிடம் நாம் கற்க வேண்டியது எண்ணெயின் தரத்தை அன்று; நாள்தோறும் காலையில் அளவுக்கம்பியை உருவிப் பார்க்கும் அவர் ஒழுக்கத்தையே.

அவ்வொழுக்கம் எண்ணெயின் எண்ணினும் பெரிது. கார்புரேட்டர் வண்டிகளில், சோக்கை இழுத்துக் கிளப்பும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரை நனைத்து எண்ணெயோடு கலக்கும். இஞ்சினோடு பொருத்திய பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்தாலும் அவ்வாறே. அளவுக்கம்பியில் எண்ணெய் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தாலும், பெட்ரோல் நாறினாலும், அவ்வெண்ணெய் டப்பாவில் 50 என்றிருந்தும் உள்ளே 50 அன்று. உடனே காரணத்தைக் களைந்து எண்ணெயை மாற்றுக. அவ்விஞ்சினுக்கு அக்காலத்து நூல்கள் விதித்த மாற்றுத் தூரம் 3,000 மைல், அதாவது ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். இக்காலத்து எண்ணெய் அதனினும் நெடுநாள் உழைக்கும் என்பர். எனினும் கார்புரேட்டரும் புழுதியும் பழையனவே. குறைவாக ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு இருமுறை மாற்றுதல் தகும். நூற்றுக்கு நூறு பொருந்திய எண்ணெயைத் தேர்ந்து ஈராண்டு மாற்றாது விடுதலினும், ஏறக்குறையப் பொருந்திய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதல் பன்மடங்கு நன்று.

யாம் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். வண்டியின் குறிப்புநூலைத் தேடிப் பெறுக; கிடையாதாயின் அதனை வைத்திருப்பவரிடம் கேட்டுப் படியெடுக்க. சமவெளியில் நல்ல இஞ்சினுக்கு 20டபிள்யூ-40, தளர்ந்ததற்கும் கோடையின் நெடும்பயணத்திற்கும் 20டபிள்யூ-50, மலையூரில் 15டபிள்யூ-40. புகை கண்டால் எண்ணெயை மாற்றுமுன் காரணத்தை அறிக. மெக்கானிக்கின் அனுபவத்தை மதித்துக் கேட்க, “ஏன்?” என்றும் கேட்க. காரணம் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதிருக்க. காரணம் கேளாமல் வாங்குவதும், காரணம் சொல்லாமல் விற்பதும் ஒழிந்தால், இவ்வண்டிகள் இன்னும் பல்லாண்டு நம் தெருக்களில் ஓடும். நம் மாணவ நண்பர்கள் இவ்விடுமுறையிலேனும் தத்தம் வீட்டு வண்டியின் அளவுக்கம்பியை ஒருமுறை உருவிப் பார்ப்பாராக. வகுப்பிலே கற்ற பாகுத்தன்மை அக்கம்பியின் நுனியிலே நிற்பதை அவர்கள் காண்பர்.